ஒரே 25 விழுக்காடு, இரண்டு எதிர்காலங்கள்

புதுச்சேரியிலோ கடலூரிலோ கடலில் இறங்கிப் பவளத்திட்டைப் பார்த்துவிட முடியாது. தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கலங்கிக் கிடக்கும் நீர், பெரும்பாலும் மணலும் சேறுமான அடித்தரை ஆகிய மூன்றும், வெளிச்சத்தையும் தெளிந்த நீரையும் கெட்டியான பிடிமானத்தையும் வேண்டும் பவளங்களுக்கு இந்தக் கரையை ஒவ்வாததாக்கியிருக்கின்றன. அவற்றைக் காணத் தெற்கே பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும்தான் போக வேண்டும். ஆயினும் ஒன்பது ஆண்டுகளாக முத்தியால்பேட்டையில் என் வீட்டு மேசையில் விரிந்து கிடப்பவை பவளத்திட்டுகளின் கணக்குகளே. கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன்; மீதி நேரத்தில், ஒரு பவளத்திட்டு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதி ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

வைத்திக்குப்பத்தில் தூண்டில் தொழில் செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கம். பெரியப்பா என்றே அழைப்பேன். இந்தக் கடலிலும் கரையிலிருந்து தள்ளி அங்கங்கே பார்கள், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகள், உண்டு. களவாவும் சங்கராவும் எந்தப் பாரில் எந்த மாதத்தில் கூடும் என்பதை, கரையிலுள்ள கலங்கரை விளக்கத்தையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடம் கண்டவர் அவர். நான் செய்யும் வேலையை ஒரு மாலை விளக்கியபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “அதெல்லாம் இருக்கட்டும்மா. செத்துப்போன பாரு பழையபடி வருமா, வராதா? அத சொல்லு.”

இத்துறையில் அறுபது ஆண்டுகளாக எழுதப்பட்டிருக்கும் கட்டுரைகளில் பாதி இந்த ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன. இன்றைய நிலையை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது என்பது என் முடிவு. திட்டு எந்த வழியாக இந்த நிலைக்கு வந்தது என்பதும் தெரிந்தாக வேண்டும். நான் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலானவை அந்த வழியை அழித்துவிட்டு, எஞ்சிய ஓர் எண்ணை மட்டுமே தருகின்றன. அந்த எண்ணுக்கு ‘உயிர்ப்பவளப் பரப்பு’ என்று பெயர்: கடலடித் தரையின் நூறு பங்கில் உயிருள்ள பவளம் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்பது.

அந்த எண் போதாது என்பதை ஒரு சிறிய கணக்கின் வழியே காட்ட விரும்புகிறேன். அதற்குமுன் அந்தக் கணக்கு பிறந்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜமைக்காவின் திட்டுகளில் 1970களின் இறுதியில் பாதிக்கும் மேலான பரப்பைப் பவளம் மூடியிருந்தது. 1980இல் ஆலன் என்னும் சூறாவளி அவற்றை நொறுக்கியது. பவளம் மெல்ல மீளத் தொடங்கிய வேளையில், 1983இல் பனாமாவின் கரையருகே தொடங்கிய ஒரு கொள்ளைநோய் சுமார் ஓராண்டில் கரீபியக் கடல் முழுவதும் பரவி, நீண்ட கருமுட்கள் கொண்ட கடல் முள்ளெலிகளை ஏறக்குறைய துடைத்துவிட்டது. பாசியைத் தின்னும் மீன்கள் அங்கே பல்லாண்டு மீன்பிடியால் முன்பே அருகியிருந்தன. அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தவை அந்த முள்ளெலிகள்தாம். அவையும் போனபின் பாசியை மேய ஆளில்லை. 1990களின் தொடக்கத்தில் பவளம் ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது; தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் கடற்பாசி மூடியிருந்தது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது கால வரிசை. மீன் குறைந்தபோது திட்டு பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. பவளப் பரப்பை மட்டும் அளந்தவருக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. உள்ளே தாங்கும் கைகள் இரண்டில் ஒன்று முறிந்துவிட்டதை அந்த எண் சொல்லவில்லை.

இந்த நிகழ்வை மூன்றே பங்குகளாகச் சுருக்கி 2007இல் பீட்டர் மம்பி, ஆலன் ஹேஸ்டிங்ஸ், ஹெலன் எட்வர்ட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். தரை முழுவதையும் ஒன்று என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரு பங்கு பவளம், ஒரு பங்கு உயர்ந்து வளர்ந்த கடற்பாசி, மீதமுள்ளது மீன்கள் மேய்ந்து மேய்ந்து தரையோடு தரையாக வைத்திருக்கும் குட்டைப்பாசி. இந்தக் குட்டைப்பாசித் தரையைக் கட்டுமனைக்குக் காத்திருக்கும் காலி நிலமாக எண்ணிக்கொள்ளலாம். பவளமும் அதில் பரவும். மேய்ச்சல் குறைந்தால் கடற்பாசியும் அதில் பரவும். பவளம் காலி நிலத்தில் பரவும் வீதம் 1. பவளம் இயல்பாக மடியும் வீதம் ஆண்டுக்கு 0.44. கடற்பாசி காலி நிலத்தில் பரவும் வீதம் 0.8. கடற்பாசி பவளத்தின்மீதே ஏறிப் படரும் வீதம் 0.1. ஐந்தாவதாக மேய்ச்சல் வீதம். இதை மட்டும் நம் விருப்பப்படி கூட்டலாம், குறைக்கலாம். எண்கள் கரீபியத் திட்டுகளுக்கு உரியவை, மன்னார் வளைகுடாவுக்கு உரியவை அல்ல. ஆனால் கணக்கின் போக்கைக் காண இவை போதும்.

கட்டம் போட்ட குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எவரும் பின்தொடரக்கூடிய கணக்கு இது. கடற்பாசி அறவே இல்லாத திட்டில் பவளம் 0.56 பங்கில் வந்து நிற்கும். பரவலும் மடிதலும் அங்கே ஈடாகிவிடுகின்றன. காலி நிலம் 0.44. இந்தத் திட்டில் ஒரு துளி கடற்பாசி வந்து விழுந்தால் அது பெருகுமா? பவளத்தின்மேல் படர்வதால் அதற்குக் கிடைப்பது 0.1 முறை 0.56, அதாவது 0.056. காலி நிலத்தில் பரவுவதால் கிடைப்பது 0.8 முறை 0.44, அதாவது 0.352. இரண்டும் சேர்ந்து 0.408. மேய்ச்சல் முழுவதும் பவளமற்ற 0.44 பங்கிலேயே விழுவதால், அதனால் கடற்பாசி இழப்பது மேய்ச்சல் வீதத்தை 0.44ஆல் வகுத்த ஈவு. ஆகவே மேய்ச்சல் வீதம் 0.408 முறை 0.44க்கு, ஏறக்குறைய 0.18க்கு, மேல் இருக்கும்வரை கடற்பாசி வேர்கொள்ளாது.

இப்போது எதிர்த்திசையில் கேட்போம். பவளம் அறவே இல்லாத, கடற்பாசி ஆளும் திட்டில் ஒரு துளி பவளம் வந்து ஒட்டினால் அது பிழைக்குமா? அதே முறையில் கணக்கிட்டால், காலி நிலம் 0.49 பங்குக்கு மேல் இருந்தால்தான் பிழைக்கும். அவ்வளவு காலி நிலத்தை உண்டாக்க மேய்ச்சல் வீதம் 0.39க்கு மேல் வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே முதன்முறை எழுதிப் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள திட்டு 0.18 வரை மேய்ச்சல் குறைந்தாலும் தாங்கும். ஆனால் ஒருமுறை கடற்பாசியின் கைக்குப் போய்விட்டால், மேய்ச்சலை 0.18க்கோ, 0.25க்கோ, 0.35க்கோ உயர்த்தினாலும் அது திரும்பாது, 0.39ஐத் தாண்ட வேண்டும். போன வழியும் மீளும் வழியும் வேறுவேறு. இடைப்பட்ட அந்தப் பகுதியில் திட்டின் தலைவிதியை முடிவு செய்வது, அது எங்கிருந்து வந்தது என்பதுதான்.

அந்த இடைப்பகுதியிலேயே ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்வோம்: மேய்ச்சல் வீதம் 0.3. இரண்டு திட்டுகள், இரண்டிலும் உயிர்ப்பவளம் சரியாக 25 விழுக்காடு. முதல் திட்டில் கோடை வெப்பத்தால் பவளம் அண்மையில்தான் மடிந்தது. அதற்குமுன் கடற்பாசி அதிகம் இல்லை. எனவே கடற்பாசி 10 விழுக்காடு, காலி நிலம் 65. இரண்டாவது திட்டில் நெடுங்காலமாக மீன் குறைந்து கடற்பாசி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது; அண்மையில்தான் மீன்பிடி கட்டுப்படுத்தப்பட்டு மேய்ச்சல் 0.3க்கு உயர்ந்தது. அங்கே கடற்பாசி 45 விழுக்காடு, காலி நிலம் 30. ஆண்டுக்கு ஒரு படியாகக் கையால் முன்னே நகர்த்தினால், முதல் திட்டில் பவளம் அடுத்த ஆண்டு 30 ஆகிறது, அதற்கடுத்து 34, பிறகு 37. ஐந்தாம் ஆண்டில் 40, பத்தாம் ஆண்டில் 46 விழுக்காட்டைத் தொட்டு 56ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாவது திட்டில் அடுத்த ஆண்டே 20. ஐந்தாம் ஆண்டில் 17, பத்தாம் ஆண்டில் 14. அது மெல்ல மெல்ல, ஆனால் திரும்பாமல், இறங்குகிறது.

இறங்கும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது திட்டு மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு அரை விழுக்காட்டளவே இழக்கிறது. களத்தில் அளவுநாடா விரித்து அளப்பவரின் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும். ஆகவே அத்திட்டைப் பற்றி எழுதப்படும் அறிக்கை ‘நிலை பெற்றுள்ளது’ என்றே சொல்லும். உண்மையில் அது நிலை பெறவில்லை. மழைநீரை இருபுறமும் பிரித்து அனுப்பும் மேட்டை நீர்ப்பிரிமேடு என்பார்கள். மீளும் திட்டையும் அழியும் திட்டையும் பிரிக்கும் அப்படியொரு மேட்டின் தவறான சரிவில் அது மெதுவாக உருண்டுகொண்டிருக்கிறது. இந்த மேய்ச்சலில் அந்த நீர்ப்பிரிமேடு, பவளம் 25, கடற்பாசி 28, காலி நிலம் 47 என்ற புள்ளியின் வழியே செல்கிறது. அந்தப் புள்ளியில் பவளம் எவ்வளவோ, நம் இரண்டு திட்டுகளிலும் அதே அளவுதான். எது எந்தச் சரிவில் நிற்கிறது என்பதைக் கடற்பாசியின் பங்குதான் காட்டிக்கொடுக்கிறது.

மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கே தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆண்டுக்கணக்கில் நீரில் மூழ்கி எடுத்த அளவுகள் உள்ளன. 2005இல் உயிர்ப்பவளம் சுமார் 37 விழுக்காடு; 2009இல் சுமார் 43; 2010ஆம் ஆண்டு வெப்ப அலைக்குப் பின் சுமார் 33; மெல்ல ஏறி, 2016ஆம் ஆண்டின் வெப்பத்துக்குப் பின் சுமார் 23. இவ்வளவு நீண்ட, விடாத பதிவு இந்தியாவில் மிக அரிது. அதை எடுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்த வரிசையை ஓர் ஏணியாகப் பார்த்தால், ஏறும் படி சிறிதாகவும் இறங்கும் படி பெரிதாகவும் இருப்பது தெரியும். நாம் மேலே போட்ட கணக்கில் நல்ல சரிவில் நிற்கும் திட்டுக்கே 25இலிருந்து 40க்கு ஏற ஐந்து ஆண்டு பிடித்தது. 2010க்கும் 2016க்கும் இடையே இருந்தது ஆறு ஆண்டு. உலகெங்கும் நூறு பவளத்திட்டுப் பகுதிகளை ஆராய்ந்து டெரி ஹியூஸும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது: 1980களின் தொடக்கத்தில் 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்ந்த கடும் வெளிறல், அதாவது வெப்பத்தால் பவளம் நிறமிழப்பது, இப்போது ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கு ஒருமுறை நேர்கிறது. 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது. மாதிரியில் இதைச் சேர்ப்பது எளிது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பவளத்தில் ஒரு பங்கைக் கழித்துக் காலி நிலத்தில் சேர்த்தால் போதும். கழிக்கும் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே வந்தால், நல்ல சரிவில் நின்ற திட்டும் ஒரு கட்டத்தில் மேட்டைத் தாண்டி மறுபக்கம் விழுகிறது. எந்த ஒரு வெப்ப அலையும் தனியாக அதைக் கொல்லவில்லை என்பதை வரைபடத்தில் பார்க்கும்போது, மனித உடலுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலே நினைவுக்கு வருகிறது.

வெளிறல் என்பதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பவளத்தின் தசைக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஓரிரு டிகிரி செல்சியஸ் கூடி, அது பல வாரம் நீடித்தால், பவளம் அந்த நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வெண்ணிற எலும்புக்கூடு தோல் வழியே தெரிகிறது. அந்த நொடியில் அது இறந்திருப்பதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். இதைக் கணிக்கப் பயன்படும் அளவுகோலும் வரலாற்றைத்தான் கேட்கிறது. கடந்த 12 வாரங்களில், கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி அல்லது அதற்குமேல் கூடியிருந்த வாரம் ஒவ்வொன்றிலும் எத்தனை டிகிரி கூடியிருந்தது என்பதைக் கூட்டிப் பார்க்கிறார்கள். கூட்டுத்தொகை நான்கைத் தாண்டினால் வெளிறல், எட்டைத் தாண்டினால் பெருமளவு மடிவு. இன்றைய வெப்பமானி காட்டும் அளவு மட்டும் போதாது, பன்னிரண்டு வாரக் கணக்கு வேண்டும் என்று செயற்கைக்கோளை வைத்து வேலை செய்பவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

என் குறையைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கடலடியில் அளப்பவர்கள் 20 மீட்டர் நாடாவைத் திட்டின்மேல் விரித்து, நாடாவுக்கு நேர்க்கீழே என்ன இருக்கிறது என்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் பலகையில் பென்சிலால் எழுதுவார்கள். அதற்கென்று சுருக்கக் குறிகள் உண்டு. கிளைப்பவளத்துக்கு ஒன்று, உருண்டைப் பவளத்துக்கு ஒன்று, மணலுக்கு, நொறுங்கிய துண்டுகளுக்கு, கடற்பாசிக்கு என்று வரிசையாக இருக்கும். அவற்றில் ‘டிசி’ என்றால் அண்மையில் மடிந்து இன்னும் வெள்ளையாக இருக்கும் பவளம். ‘டிசிஏ’ என்றால் மடிந்து, மேலே பாசி படிந்துவிட்ட பவளம். இந்த ஓரெழுத்து வேறுபாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். நீருக்கடியில் மூச்சை அளந்து விட்டுக்கொண்டு, கையுறைக்குள் விரல் ஊறிப்போன ஒருவர், ‘இது இப்போது செத்தது, அது எப்போதோ செத்தது’ என்று பிரித்து எழுதியிருக்கிறார். திட்டு எந்த வழியே வந்தது என்பதற்கான சான்று அந்த ஓரெழுத்தில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு நீண்ட அட்டவணை கிடைத்தது. பல ஆண்டுகள், பல இடங்கள். மகிழ்ந்துபோய் ஏறத்தாழ பத்து மாதம் அதற்கு மாதிரியைப் பொருத்தினேன். பொருத்தம் எப்போதும் வழுக்கிக்கொண்டே போனது. ஒரே தொடக்க எண்ணைக் கொண்ட இரண்டு இடங்களில் ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது, ஏன் என்று கணக்குக்குப் பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது, தட்டச்சு செய்தபோது இரண்டு குறிகளையும் கடற்பாசியையும் ஒன்றாகக் கூட்டி ‘உயிரற்றவை’ என்று ஒரே பத்தியாக்கியிருந்தார்கள். மூலப் பலகைத் தாள்களைக் கேட்டேன். அலுவலகம் இடம் மாறியபோது கழித்துவிட்டதாகப் பதில் வந்தது. பத்து மாத உழைப்பு போனது பெரிதில்லை. அந்த ஆண்டுகளில் அந்தக் கடலடியில் நடந்ததை இனி எவராலும் திரும்பப் போய் அளக்க முடியாது என்பதுதான் வேதனை.

பெரிய மாதிரிகளைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவில் ஜெஃப்ரி பொலோவினா, ஹவாய்த் தீவுத்தொடரின் வடமேற்கில் உள்ள ஒரு பவளத்திட்டுக்காக 1980களின் தொடக்கத்தில் ‘ஈகோபாத்’ என்ற முறையை உருவாக்கினார். மிதவை நுண்ணுயிர் முதல் சுறா வரை யார் யாரை எவ்வளவு தின்கிறார்கள் என்பதை எழுதி, வரவும் செலவும் நேராகும்படி செய்யும் கணக்கு அது. நம் கடைக்காரர்கள் ஆண்டு முடிவில் போடும் ஐந்தொகையைப் போன்றது. அந்த ஒரு நாளின் நிலையைத் துல்லியமாகக் காட்டும், நாளை என்ன ஆகும் என்று சொல்லாது. 1990களில் கார்ல் வால்டர்ஸும் உடனிருந்தோரும் அதைக் காலத்தில் ஓடும்படி நீட்டித்தார்கள். இன்று உலகெங்கும் மீன்வள ஆய்வில் பயன்படுவது அந்த நீட்டிப்புத்தான். நானும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் நாற்பது உயிரினக் குழுக்களுக்கு நூற்றுக்கணக்கான எண்களைக் கொடுக்க வேண்டும். நம் கடலுக்கு அவற்றில் பெரும்பாலானவை அளக்கப்படாததால் வேறு கடலின் எண்களைக் கடன் வாங்க நேர்கிறது. கடன் வாங்கிய எண்களால் நிரப்பிய பெரிய மாதிரியைவிட, எங்கே பொய்க்கிறது என்று கண்டுபிடிக்கக்கூடிய சிறிய மாதிரியையே நான் நம்புகிறேன். என் மாணவர்களிடமும் முதலில் மூன்று பங்குக் கணக்கைக் கையால் போடச் சொல்வேன்; கணிப்பொறியைப் பிறகுதான் திறக்க விடுவேன்.

சிறிய மாதிரி எங்கே பொய்க்கிறது என்பதற்கு நம் கடலிலேயே சான்றுகள் உண்டு. ‘கப்பாபைகஸ்’ என்னும் வெளிநாட்டுக் கடற்பாசி, பாக் விரிகுடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. 2008இல் அது மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. பவளத்தின்மீது படரும் வீதம் 0.1 என்று எழுதிவைத்த நம் கணக்கில் இப்படிப்பட்ட பாசிக்கு இடமே இல்லை. அடுத்தது அடித்தரையின் வடிவம். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளக் கற்களை வெட்டி எடுத்தார்கள். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே அது அடங்கியது. வெட்டி எடுத்த இடத்தில் எஞ்சியிருப்பது மேடு பள்ளமற்ற, துண்டுகள் புரளும் தரை. அதில் ஒட்டும் இளம்பவளம் அலைக்கு அலை புரட்டப்படுகிறது. ஓராவுக்கும் கிளி மீனுக்கும் ஒளிந்துகொள்ளப் பொந்து இல்லாததால் மேய்ச்சலும் குறைகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த கல், இன்றைய மேய்ச்சல் வீதத்துக்குள் மறைந்து உட்கார்ந்திருக்கிறது.

தரையின் வடிவம் இவ்வளவு முக்கியமா என்று ஐயுறுபவர்கள் செஷல்ஸ் தீவுகளின் பதிவைப் பார்க்க வேண்டும். 1998ஆம் ஆண்டு வெப்பம் அங்கே பவளத்தின் 90 விழுக்காட்டுக்கு மேல் அழித்தது. பிறகு 21 திட்டுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 12 மீண்டன, 9 கடற்பாசியின் பக்கம் சாய்ந்தன. எது எந்தப் பக்கம் போனது என்பதை, வெப்பத்துக்கு முன் இருந்த தரையின் மேடுபள்ளமும் நீரின் ஆழமும் பெருமளவுக்கு முன்கூட்டியே காட்டின. இதற்கு நேரெதிராக, ஆஸ்திரேலியாவின் வடமேற்கே தனித்துக் கிடக்கும் ஸ்காட் திட்டில் 1998க்குப் பின் 9 விழுக்காட்டுக்கு இறங்கிய பவளம் 12 ஆண்டுகளில் 44க்கு ஏறியது. வெளியிலிருந்து இளம்பவளங்கள் வந்து சேர வழியில்லாத அந்தத் தொலைவில், மேய்ச்சல் கெடாமலும் மனித இடையூறு இல்லாமலும் இருந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. பெரியப்பாவிடம் இந்த இரண்டையும் சொன்னேன். செஷல்ஸ் கணக்கைக் கேட்டதும், “பொந்து இருந்தாத்தானம்மா களவா தங்கும். மொட்டப் பாருல மீனு நிக்காது” என்றார்.

பரப்பு ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில் 1985 முதல் 2012 வரை பரப்பு 28 விழுக்காட்டிலிருந்து 13.8க்குச் சரிந்தது. பிறகு 2022இல் வடக்கிலும் நடுவிலும் 36 ஆண்டு அளவீடுகளிலேயே மிக உயர்ந்த பரப்பு பதிவானது. உலகெங்கும் நல்ல செய்தியாகப் பரவியது. ஏறியவை பெரும்பாலும் அக்ரோபோரா என்னும், வேகமாக வளர்ந்து வேகமாக உடையும் பவளங்கள். ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீட்டர் வளரும் கிளைப்பவளமும், ஒரு சென்டிமீட்டரே வளர்ந்து நூற்றாண்டுகள் நிற்கும் உருண்டைப் பவளமும் நாடாவின் கீழே ஒரே எண்ணாகத்தான் பதிவாகின்றன. அதனால் என் மாதிரியில் இப்போது பவளத்தை இரண்டு பங்காகப் பிரித்திருக்கிறேன். பிரித்த பிறகு, அடிக்கடி வெப்பம் தாக்குவதாக வைத்து மாதிரியை ஓடவிடும்போது மொத்தப் பரப்பு பெரிதாக மாறாமலே உருண்டைப் பவளம் ஆண்டுக்காண்டு கரைவதைப் பார்க்கிறேன். கரைந்ததை மறுபடி வளர்க்க அந்த வீதத்தில் ஒரு தலைமுறை போதாது.

மாதிரி சரியா என்று எப்படி அறிவது என்ற கேள்விக்கு என் வழி ஒன்றே. பதிவின் கடைசி ஐந்தாறு ஆண்டுகளை மறைத்துவைத்துவிட்டு, அதற்கு முந்தையவற்றை மட்டும் கொடுத்து ஓடவிட்டு, பிறகு மறைத்ததைத் திறந்து ஒப்பிடுவேன். மேய்ச்சலும் கடற்பாசியும் தரை வடிவமும் பதிவாகியிருந்தால் திசையாவது சரியாக வருகிறது. பவளப் பரப்பு மட்டும் இருந்தால், நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட அதிகம் வருவதில்லை. இது பிற ஆய்வாளர்களின் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1980களில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதாங்கிக்குப் பின் புதுச்சேரிக் கடற்கரையின் மணல் போய், கருங்கல் மட்டும் மிஞ்சியது. சில ஆண்டுகளுக்கு முன் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்குள் ஆப்பு வடிவத் தடுப்பை அமைத்து மணலும் நிரப்பியபோது, தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி மணற்கரை தோன்றியது. குழந்தைகள் அங்கே ஓடுவதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். மணலுக்கு நினைவு குறைவு. தடுப்பும் வரத்தும் சரியானால் சில ஆண்டுகளில் திரும்பிவிடுகிறது. இதைக் கண்டவர்கள், பவளமும் காரணத்தை நீக்கினால் திரும்பும் என்று எளிதாக நம்பிவிடுகிறார்கள். 0.18க்கும் 0.39க்கும் இடையே உள்ள தொலைவை அவர்களுக்கு எடுத்துச்சொல்வதே என் வகுப்புகளில் கடினமான பாடம்.

பெரியப்பாவின் கேள்விக்கு ஒருநாள் அந்தக் குறிப்பேட்டையே எடுத்துப்போய்க் காட்டினேன். இரண்டு திட்டு, இரண்டிலும் 25, ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர், எந்தப் பத்தி பாசி என்று மட்டும் கேட்டார். காட்டினேன். “அப்ப பவளத்த எண்ணுறதவிட பாசிய எண்ணணும்னு சொல்லு” என்றார். இரண்டையும் எண்ண வேண்டும் என்றேன். ஒவ்வோர் ஆண்டும், அதே இடத்தில்.

கடந்த ஜனவரி முதல் மாணவர்கள் ஆறு பேர் கடற்கரைச் சாலைக் கற்சுவரில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். பவளம் இல்லாவிட்டாலும் கல் இருக்கிறது, பாசி இருக்கிறது, அதை மேயும் நத்தை இருக்கிறது. பிவிசி குழாயில் அரை மீட்டர்ச் சதுரச் சட்டம் செய்து, நீர் வடியும் நேரத்தில் குறியிட்ட பத்துக் கற்களின்மேல் வைத்து, பச்சைப் பாசி எத்தனை கட்டம், சிப்பி எத்தனை கட்டம், வெறுங்கல் எத்தனை கட்டம், நத்தை எத்தனை என்று மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறார்கள். ஜனவரியில் மூன்றாம் கல்லில் நூறு கட்டத்தில் 71 பாசி, நத்தை 4. மே மாதத்தில் அதே கல்லில் பாசி 18, நத்தை 23. சிப்பி இறந்து ஓடு மட்டும் இருந்தால் எப்படி எழுதுவது என்று ஒரு மாணவி கேட்டாள். ஓட்டின் உட்புறம் இன்னும் பளபளப்பாக இருந்தால் ஒரு குறி, பாசி படிந்திருந்தால் வேறு குறி என்று முடிவு செய்தோம். தாளில் புதிதாக ஒரு பத்தி வரைந்துகொண்டாள்.